பொதிகைமலை நடைவழிகள்

பொதிகைமலை நடைவழிகள் என்பவை தமிழ்நாட்டின் திருநெல்வேலி மாவட்டத்தில் பாபநாசம், காரையாறு, மணிமுத்தாறு, களக்காடு ஆகிய ஊர்களில் இருந்து மேற்குத் தொடர்ச்சி மலையின் அகத்தியமலைப் பகுதிக்குள் செல்லும் மலைப்பாதைகள் ஆகும். தாமிரபரணி ஆறு மலையை விட்டுச் சமவெளியில் இறங்கும் இடமான பாபநாசம் இவற்றின் முதன்மையான நுழைவாயிலாகும். காணிக்காரர் என்னும் பழங்குடியினர், அகத்தியரை வழிபடச் சென்ற அடியார்கள், நில அளவையாளர்கள், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்கள், அணை கட்டியோர் எனப் பலராலும் இப்பாதைகள் வெவ்வேறு காலங்களில் உருவாயின. பொழுதுபோக்கு மலையேற்றத்துக்காக அமைக்கப்பட்டவை இவற்றுள் மிகச் சிலவே. இன்று இவற்றின் பெரும்பகுதி களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தினுள் அடங்கியுள்ளது. எனவே சில வழிகள் பொதுமக்களுக்குத் திறந்தும், சில அனுமதி பெற்றுச் செல்லும் வகையிலும், சில முற்றிலும் மூடப்பட்டும் உள்ளன.

பெயர்

சங்க இலக்கியங்களில் இம்மலை பொதியில், பொதியம் என்னும் பெயர்களால் குறிக்கப்படுகிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஆய் அண்டிரன் இம்மலைப் பகுதியை ஆண்டவன். கிரேக்கப் புவியியலாளர் தாலமி குறிப்பிடும் பெட்டிகோ மலை இதுவே என்று பொதுவாகக் கருதப்படுகிறது. மலையின் மிக உயர்ந்த முகடு தமிழ்நாட்டில் பொதிகை அல்லது அகத்தியமலை எனவும், கேரளத்தில் அகத்தியர்கூடம் எனவும் வழங்குகிறது.

மலைவாழ் மக்களும் வனப் பணியாளர்களும் பாதைகளைத் தடம், ஒற்றையடிப் பாதை, யானைத் தடம் என்று வேறுபடுத்திக் கூறுவர். யானைகள் ஆண்டுதோறும் செல்லும் வழிகளே யானைத் தடங்கள். இவை சரிவு குறைந்த இடங்களையும் ஆற்றைக் கடக்க ஏற்ற துறைகளையும் தொட்டுச் செல்வதால், மனிதர் நடக்கும் பாதைகளும் பல இடங்களில் இவற்றை ஒட்டியே அமைந்துள்ளன.

புவியியல்

வடக்கே ஆரியங்காவுக் கணவாய்க்கும் தெற்கே ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கும் இடைப்பட்ட மலைத்தொகுதியே அகத்தியமலைப் பகுதியாகும். இவ்விரு கணவாய்கள் வழியாகவே தமிழ்நாட்டுக்கும் திருவிதாங்கூருக்கும் இடையிலான வணிகப் போக்குவரத்து நெடுங்காலமாக நடைபெற்றது. இடையில் உள்ள மலைகள் செங்குத்தானவை. அவற்றின் குறுக்கே சென்ற வழிகள் வண்டிப்பாதைகளாக வளரவில்லை. ஆள் நடக்கும் தடங்களாகவே நின்றன.

பொதிகை முகட்டின் உயரம் ஏறத்தாழ 1,868 மீட்டர். இதன் கிழக்குச் சரிவில், பூங்குளம் எனப்படும் இடத்தில் தாமிரபரணி தோன்றுவதாகக் கொள்ளப்படுகிறது. அங்கிருந்து பாணதீர்த்தம், காரையாறு, பாபநாசம் வழியாக இறங்கி, திருநெல்வேலி நகரைக் கடந்து, புன்னைக்காயல் அருகே மன்னார் வளைகுடாவில் ஆறு கலக்கிறது. இதன் நீளம் ஏறத்தாழ 128 கி.மீ. தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளாலும் நீர் பெறுவதால் இது வற்றாத ஆறாக விளங்குகிறது. ஆற்றின் குறுக்கே உள்ள எட்டு அணைக்கட்டுகளின் கால்வாய்கள் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் நெல்வயல்களுக்கு நீர் தருகின்றன.

பாபநாசத்தில் இருந்து மேலே செல்லச் செல்ல நிலத்தின் தோற்றம் விரைவாக மாறுகிறது. அடிவாரத்தில் முட்புதர்க் காடும், முண்டந்துறை மேட்டுநிலத்தில் இலையுதிர் காடும், காரையாற்றுக்கு மேலே என்றும் பசுமையான மழைக்காடும், உச்சியை ஒட்டிப் புல்வெளியும் குட்டையான சோலைக்காடும் காணப்படுகின்றன. இவ்வனைத்தையும் ஓரிரு நாள் நடையில் கடக்க முடிவது இம்மலையின் சிறப்பாகும்.

வரலாறு

பழைய குறிப்புகள்

கி.பி. 7ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பயணம் செய்த சீனத் துறவி யுவான் சுவாங், தென்னிந்தியாவின் மலய மலையை அடுத்துப் பொதலகம் என்னும் மலை இருப்பதாகவும், அதன் பாதைகள் வளைந்தும் ஆபத்தாகவும் உள்ளன என்றும், உச்சியில் உள்ள நீர்நிலையில் இருந்து ஓர் ஆறு தோன்றிக் கடலில் கலக்கிறது என்றும் கேள்வியுற்று எழுதியுள்ளார். பௌத்தர்கள் அவலோகிதேசுவரரின் இருப்பிடமாகப் போற்றும் இம்மலை பொதிகையே என்று ஆய்வாளர் சிலர் கருதுகின்றனர். இக்கருத்து ஏற்கத்தக்கதாயின், இம்மலையின் பாதையைப் பற்றிய மிகப் பழைய குறிப்புகளுள் இதுவும் ஒன்றாகும்.

காணிக்காரர் தடங்கள்

பொதிகையின் இருபுறமும் காணிக்காரர் வாழ்கின்றனர். தமிழ்நாட்டுப் பகுதியில் சின்னமயிலாறு, பெரியமயிலாறு, அகத்தியர் காணிக் குடியிருப்பு, சேர்வலாறு, இஞ்சிக்குழி ஆகியவை இவர்களது ஊர்கள். ஊர்த் தலைவர் மூட்டுக்காணி எனப்படுகிறார். தேன், கிழங்கு, மருந்துச் செடி ஆகியவற்றைத் தேடிச் சென்ற இவர்களது தடங்களே இம்மலையின் மிகப் பழைய பாதைகள். பின்னர் வந்த அளவையாளர்களும் தாவரவியலாளர்களும் அடியார்களும் இவர்களை வழிகாட்டிகளாகக் கொண்டே மலையேறினர்.

1987 டிசம்பரில் கேரளப் பகுதியில் அகத்தியமலைக்குச் சென்ற ஆய்வாளர் குழு ஒன்று, கடினமான ஏற்றத்திலும் தம் காணி வழிகாட்டிகள் களைப்படையாமல் இருப்பதைக் கண்டது. அவர்கள் வழியில் தின்ற சிறு காய்களே அதற்குக் காரணம் எனத் தெரியவந்தது. ஆரோக்கியப்பச்சை எனப்படும் அச்செடியில் இருந்து திருவனந்தபுரம் அருகே பாலோட்டில் உள்ள வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1990களில் அதன் உரிமத் தொகையில் ஒரு பங்கு காணி மக்களுக்கு வழங்கப்பட்டது. பழங்குடியினரின் அறிவுக்குப் பயன் பகிர்ந்தளித்த முன்னோடி முயற்சிகளுள் ஒன்றாக இது உலக அளவில் எடுத்துக்காட்டப்படுகிறது.

அளவையாளர், தோட்டம், அணை

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் திருவனந்தபுரம் வானாய்வகத்தின் இயக்குநராக இருந்த சான் ஆலன் புரூன், அகத்தியர்கூடத்தின் உச்சிப் பகுதியில் காந்தப்புலத்தையும் வானிலையையும் அளக்க ஒரு நிலையத்தை அமைத்தார். கருவிகளையும் கட்டுமானப் பொருள்களையும் கூலியாட்கள் சுமந்து ஏற்றினர். இவ்வளவீடுகள் 1874இல் நூலாக வெளியாயின.

1929இல் சிங்கம்பட்டி சமீன் தன் காட்டில் ஏறத்தாழ 8,374 ஏக்கரைப் பம்பாய் பர்மா வணிகக் கழகத்துக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு வழங்கியது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி ஆகிய தோட்டக் குடியிருப்புகள் இதனால் தோன்றின. பாபநாசம் நீர்மின் திட்டம் 1944இல் இயங்கத் தொடங்கியது. அதற்கான காரையாறு அணையும், 1950களில் கட்டப்பட்ட மணிமுத்தாறு அணையும், 1980களில் கட்டப்பட்ட சேர்வலாறு அணையும் மலைக்குள் வண்டிப்பாதைகளைக் கொண்டுவந்தன. பழைய நடைவழிகள் பல இச்சாலைகளால் தேவையற்றுப் போயின.

முதன்மையான வழிகள்

அகத்தியர் அருவி – கல்யாணதீர்த்தம்

பாபநாசம் பாபநாசநாதர் கோயிலில் இருந்து மலைச்சாலையில் சில கி.மீ. தொலைவில் அகத்தியர் அருவி உள்ளது. அங்கிருந்து படிகள் வழியாக ஏறினால் கல்யாணதீர்த்தத்தை அடையலாம். சிவபெருமான் அகத்தியருக்குத் திருமணக் கோலத்தில் காட்சியளித்த இடம் என்பது நம்பிக்கை. இங்கே கோடிலிங்கேசுவரர் கோயிலும் அகத்தியர், உலோபாமுத்திரை சிலைகளும் உள்ளன. சிறுவரும் முதியவரும் நடக்கத்தக்க குறுகிய வழி இது.

நடை எளிதாயினும் நீர் எளிதன்று. கல்யாணதீர்த்தத்தில் பாறைகளின் இடையே ஆறு குறுகி ஆழ்ந்து ஓடுகிறது. 1925 சூனில், விடுதலைப் போராட்ட வீரரும் எழுத்தாளருமான வ. வே. சு. ஐயர், தாம் நடத்திவந்த சேரன்மகாதேவி குருகுலத்தின் மாணவர்களுடனும் தம் பிள்ளைகளுடனும் இங்கு வந்திருந்தபோது, ஓடையைத் தாண்ட முயன்ற மகள் சுபத்திரை நீரில் விழுந்தாள். அவளைக் காப்பாற்றக் குதித்த ஐயரும் உயிரிழந்தார். இங்கு நீராடுதல் இன்றும் ஆபத்தானதாகும்.

முண்டந்துறை – சொரிமுத்து ஐயனார் கோயில்

பாபநாசத்துக்கு மேலே, காரையாறு செல்லும் வழியில் ஆற்றங்கரையில் சொரிமுத்து ஐயனார் கோயில் உள்ளது. ஆடி அமாவாசையை ஒட்டிப் பல்லாயிரக்கணக்கானோர் இங்குக் கூடுவர். முன்பு சமவெளி ஊர்களில் இருந்து குடும்பம் குடும்பமாக நடந்தும் மாட்டுவண்டியிலும் வந்து பல நாள் தங்குவது வழக்கம். தற்போது தங்கும் நாள்களும் வாகனங்களும் வனத்துறையால் வரையறுக்கப்படுகின்றன.

கோயில் வளாகத்தில் உள்ள பட்டவராயன் சன்னிதியில் அடியார்கள் தோல் செருப்புகளைக் காணிக்கையாகக் கட்டுகின்றனர். அடுத்த ஆண்டு அவை தேய்ந்து காணப்படும் என்றும், காவல் தெய்வம் அவற்றை அணிந்து காட்டில் நடப்பதே காரணம் என்றும் நம்புகின்றனர். பட்டவராயன், நா. வானமாமலை பதிப்பித்த முத்துப்பட்டன் கதை என்னும் கதைப்பாடலின் தலைவன். பார்ப்பனக் குலத்தில் பிறந்து, செருப்புத் தைக்கும் குலத்துப் பெண்களை மணந்து, மாமனாரின் மாடுகளைக் கவர வந்தவர்களோடு போரிட்டு இறந்தவன்.

காரையாறு – பாணதீர்த்தம் – பொதிகை உச்சி

தமிழ்நாட்டில் இருந்து பொதிகை உச்சிக்குச் சென்ற மரபுவழி இதுவே. காரையாறு நீர்த்தேக்கத்தைப் படகில் கடந்து பாணதீர்த்த அருவியை அடைந்து, இஞ்சிக்குழி, கன்னிகட்டி, பூங்குளம் வழியாக அடியார்கள் உச்சிக்கு ஏறினர். கன்னிகட்டியில் வனத்துறையின் பழைய ஓய்வு விடுதி உண்டு. சென்று திரும்பப் பல நாள் ஆகும். அரிசி, பாத்திரம் முதலியவற்றைச் சுமந்துகொண்டு காணி வழிகாட்டிகளின் துணையுடனேயே செல்வர். பாணதீர்த்தத்துக்கான சுற்றுலாப் படகுப் போக்குவரத்து பின்னர் நிறுத்தப்பட்டது. உச்சிக்குச் செல்லும் வழியும் பொதுமக்களுக்கு மூடப்பட்டுள்ளது.

போனக்காடு – அகத்தியர்கூடம்

பொதிகை உச்சியை அடைய விரும்புவோர் தற்போது கேரளத்தின் திருவனந்தபுரம் மாவட்டத்தில் உள்ள போனக்காட்டில் இருந்தே செல்கின்றனர். ஆண்டுதோறும் சனவரி நடுப்பகுதி முதல் பெப்ரவரி இறுதி அல்லது மகாசிவராத்திரி வரை, முன்பதிவின் பேரில், நாளொன்றுக்குக் குறிப்பிட்ட எண்ணிக்கையினரைக் கேரள வனத்துறை அனுமதிக்கிறது. முதல் நாள் அதிருமலை முகாம் வரை நடந்து தங்கி, மறுநாள் உச்சிக்கு ஏறி இறங்குவர். ஒருவழித் தொலைவு ஏறத்தாழ 20 கி.மீ. இறுதிப் பகுதியில் வழுக்குப் பாறைகளைக் கயிற்றைப் பற்றி ஏற வேண்டும். உச்சியில் அகத்தியர் சிலை உள்ளது.

பெண்கள் உச்சிக்குச் செல்ல நெடுங்காலம் தடை இருந்தது. 2018 நவம்பரில் கேரள உயர்நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பை அடுத்து, 2019 சனவரி முதல் அவர்களும் ஏறுகின்றனர். தங்கள் வழிபாட்டு மரபுக்கு இது மாறானது என்று காணி மக்கள் அப்போது எதிர்ப்புத் தெரிவித்தனர்.

மணிமுத்தாறு – மாஞ்சோலை – குதிரைவெட்டி

மணிமுத்தாறு அணையில் இருந்து அருவியைக் கடந்து மாஞ்சோலைக்கும், அதற்கு மேல் நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டிக்கும் சாலை செல்கிறது. நாலுமுக்கும் ஊத்தும் தமிழ்நாட்டில் மிகுதியாக மழை பெறும் இடங்களுள் அடங்கும். தொழிலாளர் குடியிருப்புகளுக்கு இடையே தேயிலைச் சரிவுகள் வழியாகப் பல குறுக்குத்தடங்கள் இருந்தன. பள்ளிக்கும் கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் மக்கள் இவற்றிலேயே நடந்தனர்.

இக்காடு 2018இல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டது. குத்தகைக் காலம் முடிய நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே, 2024 சூனில் நிறுவனம் தோட்டப் பணிகளை நிறுத்திக்கொண்டது. தலைமுறைகளாக வாழ்ந்த தொழிலாளர்கள் மலையை விட்டு இறங்க நேர்ந்தது. அவர்களது மறுவாழ்வு தொடர்பான வழக்குகளைச் சென்னை உயர்நீதிமன்றம் 2024 டிசம்பரில் முடித்துவைத்தது. தேயிலை பறிக்க ஆள் இல்லாத இச்சரிவுகளைக் காடு மீண்டும் மூடத் தொடங்கும்போது, தொழிலாளர்களின் தடங்களும் அதனுள் மறையும்.

களக்காடு, திருக்குறுங்குடி வழிகள்

களக்காட்டுக்கு மேலே தலையணை, செங்கல்தேரி ஆகிய இடங்கள் உள்ளன. தாமிரபரணியின் துணையாறான பச்சையாறு இப்பகுதியில் தோன்றுகிறது. செங்கல்தேரிக்குச் செல்ல வனத்துறையின் அனுமதி தேவை. தெற்கே திருக்குறுங்குடியில் இருந்து மலைமேல் உள்ள திருமலைநம்பி கோயிலுக்கு அடியார்கள் நடந்தும் சீருந்திலும் செல்கின்றனர். புரட்டாசிச் சனிக்கிழமைகளில் கூட்டம் மிகுதி.

உயிரினங்கள்

இப்பாதைகள் செல்லும் காட்டில் புலி, சிறுத்தை, யானை, கரடி, காட்டெருது, சிங்கவால் குரங்கு, வரையாடு, இருவாச்சி, கருநாகம் முதலியன வாழ்கின்றன. களக்காடு சரணாலயம் 1976இல் அமைக்கப்பட்டதே முதன்மையாகச் சிங்கவால் குரங்கின் பாதுகாப்புக்காகத்தான். மரக்கிளைகளின் வழியே இடம்பெயரும் இக்குரங்குக்குத் தொடர்ச்சியான மழைக்காடு இன்றியமையாதது. அகன்ற சாலை ஒன்று காட்டைப் பிளக்கும்போது அதன் வாழிடமும் துண்டாகிறது. ஒற்றையடிப் பாதையால் அவ்வாறு நேர்வதில்லை.

எனினும் பாதை முற்றிலும் தீங்கற்றதன்று. 19ஆம் நூற்றாண்டில் துரூரி என்னும் ஆங்கிலேய அலுவலர் இம்மலையில் கண்டறிந்த மஞ்சள் நிற ஆர்க்கிட் ஒன்று உலகில் வேறெங்கும் இயற்கையாக வளர்வதில்லை. அழகுச்செடி வணிகத்துக்காக அளவின்றிப் பறிக்கப்பட்டதால் அது அழியும் நிலையை அடைந்தது.

சட்டமும் அனுமதியும்

முண்டந்துறை 1962இல் புலிகள் சரணாலயமானது. முண்டந்துறையும் களக்காடும் இணைக்கப்பட்டு 1988இல் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் உருவாயிற்று. இதன் மையப்பகுதி 895 சதுர கி.மீ. அகத்தியமலை உயிர்க்கோளக் காப்பகம் 2001இல் அறிவிக்கப்பட்டு, 2016இல் யுனெசுக்கோவின் உலக வலையமைப்பில் சேர்க்கப்பட்டது. மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளுடன் இப்பகுதியும் 2012இல் உலகப் பாரம்பரியக் களமாயிற்று. 2022இல் அகத்தியமலை யானைகள் காப்பகம் அறிவிக்கப்பட்டது.

1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் செல்லக் காட்டுயிர்க் காப்பாளரின் அனுமதி வேண்டும். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேற்றத்துக்குச் சென்ற 20க்கும் மேற்பட்டோர் உயிரிழந்த பின்னர், தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கான தனி விதிகளை வகுத்தது. வழிகாட்டி, குழுவின் அளவு, பருவம் ஆகியன இவற்றால் முறைப்படுத்தப்பட்டன. 2024 அக்டோபரில் 14 மாவட்டங்களில் 40 வழிகளுடன் அரசின் மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. பயிற்சி பெற்ற உள்ளூர் வழிகாட்டிகளுடன், இணையவழி முன்பதிவு செய்தே இவ்வழிகளில் செல்ல இயலும்.

பருவமும் பாதுகாப்பும்

சனவரி முதல் மார்ச்சு வரையிலான காலம் நடைக்கு ஏற்றது. ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரக் காடுகளில் தீப்பற்றும் ஆபத்து உண்டு. சூன் முதல் அட்டைகள் பெருகும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஓடைகள் சில மணி நேரத்திலேயே கடக்க முடியாதபடி பெருகக்கூடும். அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேல்மலையில் பெய்யும் மழையால் வெள்ளம் வருவது இங்கு இயல்பு. 2023 டிசம்பர் 17, 18 நாள்களில் தாமிரபரணிப் பகுதியில் பெய்த பெருமழையின்போது கடற்கரை ஊரான காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 செ.மீ. மழை பதிவாயிற்று.

பொதுவாகக் கடைப்பிடிக்க வேண்டியவை:

அனுமதி உள்ள வழியில் மட்டும் செல்லல், தனியாகச் செல்லாமை.
மாலைக்குள் சோதனைச் சாவடிக்குத் திரும்புதல்.
ஓடையில் நீர் கலங்கினாலோ இலைச்சருகுகள் மிதந்து வந்தாலோ உடனே கரையேறுதல்.
யானையின் புதிய சாணமோ முறிந்த மூங்கிலோ கண்டால் வழிகாட்டியின் சொற்படி நிற்றல் அல்லது திரும்புதல்.
நெகிழி, சவர்க்காரம் ஆகியவற்றைத் தவிர்த்தல். உடைகளை ஆற்றில் விடாதிருத்தல்.
செடி, கிழங்கு, விதை எதையும் எடுத்து வராமை.

வழி உரிமை குறித்த கருத்துகள்

பொதிகை வழிகள் யாருக்கு உரியவை என்பதில் ஒத்த கருத்து இல்லை. தங்கள் ஆற்றின் பிறப்பிடத்தைக் காண வேறு மாநிலத்தின் வழியே செல்ல வேண்டியுள்ளது என்பது தமிழ்நாட்டு அடியார்களின் குறை. ஆறு வற்றாமல் ஓடுவதற்குக் காரணமே மேல்மலைக் காடு மனித நடமாட்டம் குறைந்து இருப்பதுதான் என்பது சூழலியலாளரின் மறுமொழி. மழைநீரை உறிஞ்சி மெல்ல விடுவிக்கும் இலைமக்கும் வேர்ப்பரப்பும் மிதிபட்டு இறுகினால், நீர் மண்ணில் இறங்காமல் ஓடிவிடும் என்று அவர்கள் சுட்டுகின்றனர்.

காணி மக்களின் நிலை வேறு. அவர்களுக்குப் பாதை என்பது சுற்றுலாவும் அன்று, யாத்திரையும் அன்று. நியாயவிலைக் கடைக்கும் பள்ளிக்கும் மருத்துவமனைக்கும் செல்லும் தெருவாகும். ஆறு பெருகும் காலத்தில் இஞ்சிக்குழி போன்ற உட்பகுதி ஊர்கள் தனித்துவிடுகின்றன. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் பழங்குடியினர் காட்டில் வாழ்வதற்கும் காட்டு விளைபொருள்களைப் பெறுவதற்குமான உரிமைகளை ஏற்கிறது.

பிற நாடுகளில் இச்சிக்கல் வெவ்வேறு வகையில் தீர்க்கப்பட்டுள்ளது. தென் இங்கிலாந்தின் சுண்ணக்கல் குன்றுகளில், பண்ணை நிலத்தின் ஊடே செல்லும் பழைய பாதைகளில் எவரும் நடக்கும் உரிமை சட்டத்தால் காக்கப்படுகிறது. அங்குள்ள 160 கி.மீ. நீளமான சௌத் டவுன்சு வழி 1972இல் திறக்கப்பட்டது. ஆயின் அக்குன்றுகள் பல நூற்றாண்டுகளாக ஆடு மேய்ந்த புல்வெளிகள்; யானையோ புலியோ அங்கில்லை. இலங்கையின் சிவனொளிபாத மலை பொதிகைக்கு நெருங்கிய ஒப்புமை உடையது. காப்புக்காட்டின் நடுவில் உள்ள அம்மலைக்கு டிசம்பர் முதல் மே வரையிலான பருவத்தில் பெருந்திரளான அடியார்கள் ஏறுகின்றனர். குப்பையும் மண்ணரிப்பும் அங்கே பெருஞ்சிக்கல்களாக உள்ளன. குறுகிய பருவம், வரையறுத்த எண்ணிக்கை, உள்ளூர் வழிகாட்டி என்னும் போனக்காட்டு முறை இவ்விரண்டுக்கும் இடைப்பட்டதாகும். தமிழ்நாட்டுப் பக்கத்திலும் இத்தகைய ஏற்பாடு பொருந்துமா என்பது, அவ்வழியில் நாள்தோறும் நடக்கும் காணி மக்களின் கருத்தையும் கேட்டு முடிவு செய்ய வேண்டிய ஒன்றாகும்.

இவற்றையும் பார்க்கவும்

தாமிரபரணி
களக்காடு-முண்டந்துறைப் புலிகள் காப்பகம்
காணிக்காரர்
பாபநாசநாதர் கோயில்
மாஞ்சோலை